ஜெர்மனியிலிருந்து வந்த ஜிங்கோ மாத்திரையை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயது 67. போன மாதம் லேசான ஸ்ட்ரோக் வந்து வலது கை மரத்துப்போய், பேச்சும் குழறியிருக்கிறது. கோவையில் ஒரு வாரம் சேர்த்துப் பார்த்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பு மாத்திரை, பிபி மாத்திரை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜெர்மனியில் வேலை பார்க்கும் அண்ணன், ஜிங்கோ என்ற சீன மரத்தின் இலைச்சாற்றில் செய்த 120 மி.கி. மாத்திரை நான்கு டப்பா அனுப்பியிருக்கிறார். இதைச் சாப்பிட்டால் மூளைக்கு ரத்த ஓட்டம் கூடும், மறதி வராது, இன்னொரு ஸ்ட்ரோக்கும் வராது, இதற்கெல்லாம் ஆராய்ச்சி இருக்கிறது என்கிறாராம் அண்ணன். கொடுக்கலாமா, அந்த ஆராய்ச்சி உண்மையா என்பது தம்பியின் கேள்வி. கடைசியில் சின்னதாக இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: ஜிங்கோ கன்று கிடைத்தால் வீட்டுத் தோட்டத்தில் வைக்கலாமா?

குன்னூரில் பல வருடம் மருந்தாளுநராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம், தம்பி. டப்பாவைப் பிரிக்காமல் அலமாரியில் வையுங்கள், அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். அண்ணன் சொல்வது முழுப்பொய் இல்லை. ஆராய்ச்சி இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் நல்ல முடிவு வந்த ஆராய்ச்சி ஒரு பொருளைப் பற்றியது, உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது வேறு பொருள். இரண்டுக்கும் ஜிங்கோ என்ற பெயர் மட்டும்தான் பொது.

முதலில் மரம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் கல்லாகிப்போன ஒரு மரத்துண்டு கிடக்குமே, 2 கோடி வருடம் பழையது என்று பலகை வைத்து? ஜிங்கோ குடும்பம் அதைவிடப் பல மடங்கு பழசு. 17 கோடி வருடத்துக்கு முந்தைய பாறைகளிலேயே அதன் விசிறி இலை பதிந்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு மிஞ்சியிருப்பது இந்த ஒரே இனம். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த பிறகும் சில ஜிங்கோ மரங்கள் மறுபடி துளிர்த்தன. இந்தக் கதைகளைத்தான் மாத்திரை விற்பவர்கள் பெட்டியின் பின்பக்கம் அச்சடிக்கிறார்கள். மரம் கெட்டியாக இருந்தால் அதன் இலையைத் தின்கிற மூளையும் கெட்டியாகிவிடும் என்று நம்மை நினைக்க வைப்பதுதான் நோக்கம்.

'சீனத்தின் ஆயிரமாண்டு மூளை மருந்து' என்பதையும் கொஞ்சம் தள்ளியே வைத்துக் கேளுங்கள். பழைய சீன வைத்தியத்தில் முக்கியமாகப் பயன்பட்டது ஜிங்கோ விதை. அதுவும் இருமலுக்கும் இழுப்புக்கும். இலைச்சாறு மாத்திரையானது ஜெர்மனியில்தான், 1960களில். அங்கே ஷ்வாபே என்ற கம்பெனி காய்ந்த இலையிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்து, அதில் பலன் தருவதாகக் கருதும் பொருட்களான ஃபிளேவனாய்டு 24 சதவீதம், டெர்பீன் லாக்டோன் 6 சதவீதம் இருக்கும்படி அளவு கட்டியது. ஈஜிபி 761 என்பது அதற்கு வைத்த பெயர். உருப்படியான ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தச் சாற்றை வைத்தே நடந்தது. ஒரு கிலோ சாறு எடுக்கச் சராசரியாக 50 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒவ்வாமையைக் கிளப்பும் ஜிங்கோலிக் அமிலத்தையும் கிட்டத்தட்ட முழுசாக நீக்கிவிடுகிறார்கள். அதனால் இணையத்தில் 'ஜிங்கோ டீ' என்று விற்கிற இலைப்பொடியை இந்த ஆராய்ச்சிகளோடு முடிச்சுப் போடவே முடியாது. அதில் வேண்டியது குறைவு, வேண்டாதது பாக்கி.

சரி, ஸ்ட்ரோக்குக்கு வருவோம். 2008 அக்டோபரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு வெளியானது. ஒரு வாரம் தினமும் ஈஜிபி 761 கொடுத்துவிட்டு, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைத் தற்காலிகமாக அடைத்துப் பார்த்தார்கள். சாறு சாப்பிடாத எலிகளோடு ஒப்பிட்டால், சாப்பிட்ட எலிகளின் மூளையில் சேதம் சுமார் பாதிதான். காரணத்தையும் தேடினார்கள். ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற என்சைமைச் சாறு தூண்டிவிடுகிறது, அது செல்களைக் காக்கிறது என்றார்கள். அந்த என்சைம் இல்லாமல் பிறக்கவைத்த எலிகளுக்குச் சாறு கொடுத்தபோது பலன் கிடைக்கவில்லை. அழகான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் அண்ணன் எங்கேயோ படித்த 'ஆராய்ச்சி' பெரும்பாலும் இதன் எதிரொலியாகத்தான் இருக்கும்.

ஆனால் ஸ்ட்ரோக் ஆராய்ச்சியில் எலிக்கு வேலை செய்த மருந்துகளின் பட்டியல் ரொம்ப நீளம். 2006இல் ஒரு குழு உட்கார்ந்து எண்ணியபோது, ஸ்ட்ரோக்குக்காக ஆய்வகங்களில் முயன்று பார்த்த சிகிச்சைகள் 1,026 வந்தன. விலங்குகளில் ஜெயித்து, மனிதர்களிடம் வந்ததும் கைவிட்டவைதான் அதில் ஏராளம். எலிக்கு எந்த நிமிடம் அடைப்பு வரும் என்று ஆய்வாளருக்கு முன்கூட்டியே தெரியும், மருந்தை ஒரு வாரம் முன்பே கொடுத்து வைக்கலாம். அது இளம் எலி, பிபி கிடையாது, சுகர் கிடையாது. நம் ஊர் அம்மாக்களின் கதை அப்படியா?

எலிச் செய்தி வந்த அடுத்த மாதமே மனிதர்களைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று ஜாமா மருத்துவ இதழில் வெளியானது. ஜெம் என்று சுருக்கிச் சொல்வார்கள். 75 வயதும் அதற்கு மேலும் உள்ள 3,069 பேர். பாதிப் பேருக்கு தினம் இரண்டு வேளை 120 மி.கி. ஜிங்கோ, அதாவது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் அதே அளவு. மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. சராசரியாக ஆறு வருடம் கவனித்தார்கள். முடிவில் ஜிங்கோ சாப்பிட்டவர்களில் 277 பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 246 பேருக்கும் மறதி நோய் வந்திருந்தது. தடுக்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. பிரான்சில் 70 வயது தாண்டிய 2,854 பேரை ஐந்து வருடம் கவனித்த கைட்ஏஜ் ஆய்வு 2012இல் வந்தது. அதில் ஜிங்கோ குழுவில் 61 பேருக்கு அல்சைமர், மற்றதில் 73 பேருக்கு. குறைவு மாதிரி தெரிந்தாலும், அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான்.

உங்களுக்கு முக்கியமானது ஜெம் ஆய்வின் இன்னொரு பக்கம். ஸ்ட்ரோக்கோ மாரடைப்போ ஜிங்கோவால் குறையவில்லை. மூளையில் ரத்தம் கசிந்து வரும் வகை ஸ்ட்ரோக் மட்டும் ஜிங்கோ குழுவில் 16, மற்றதில் 8. எண்ணிக்கை சின்னது, அதனால் ஜிங்கோதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். அதே 2008இல் 85 வயதுக்கு மேற்பட்ட 118 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு ஒன்றில், வந்து மறையும் மினி ஸ்ட்ரோக்கையும் சேர்த்து ஏழு பேருக்கு ஸ்ட்ரோக் வந்தது. ஏழு பேரும் ஜிங்கோ சாப்பிட்ட பக்கம். இதுவும் தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஸ்ட்ரோக்கைத் தடுக்கும் என்று கொடுக்கிற மாத்திரையில் இப்படி எண்கள் வந்தால், ரத்தம் கட்டாமல் இருக்க ஏற்கெனவே இரண்டு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு மூன்றாவதாக இதைச் சேர்க்க எனக்குக் கை வராது.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. ஜிங்கோ இலையில் இருக்கும் ஜிங்கோலைடு பி என்ற பொருள் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு உதவும் ஒரு சமிக்ஞையைத் தடுக்கிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் வேறு வேறு வழியில் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஆஸ்பிரின் சாப்பிட்டுக்கொண்டிருந்த 70 வயதுக்காரர் ஒருவர் ஜிங்கோ ஆரம்பித்த ஒரே வாரத்தில் அவருடைய கண்ணுக்குள் ரத்தம் கசிந்த சம்பவம் 1997இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆட்களுக்குக் கொடுத்து ரத்தம் உறையும் நேரத்தை முறையாக அளந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பெரிய மாற்றம் தென்படவில்லை. ஆகவே, ஜிங்கோ சாப்பிட்டவர் எல்லாருக்கும் ரத்தம் கொட்டும் என்று பயமுறுத்துவதும் தப்பு. இதில் வரக்கூடிய லாபத்தின் அளவுக்கு அந்தச் சின்ன ஆபத்தைக்கூட ஏற்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வலிப்பு வந்து அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஜிங்கோவைத் தொடாமல் இருப்பதே நல்லது. பல் பிடுங்குவது, கண்புரை ஆபரேஷன் என்று எதற்குப் போனாலும், ஜிங்கோ சாப்பிட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'இலை மருந்துதானே' என்று நம்மவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் விடுவது இந்த இடத்தில்தான்.

இனி ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு ஜிங்கோ கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி. பெரும்பாலும் சீனாவில் நடந்தது. 2005இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் குழு அதுவரை வந்த பத்து ஆய்வுகளை, மொத்தம் 792 நோயாளிகள், அலசிவிட்டு, தரம் மோசம், நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று எழுதியது. பிறகு 2017இல் 348 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ஸ்ட்ரோக் வந்த புதிதில் ஆஸ்பிரினோடு தினம் 450 மி.கி. ஜிங்கோ சாறு ஆறு மாதம் கொடுத்ததில் ஞாபகம், திட்டமிடல் போன்றவற்றில் முன்னேற்றம் இருந்தது. ஆனால் வெற்று மாத்திரை வைத்து ஒப்பிடவில்லை. ஜிங்கோ கிடைக்கிறதா இல்லையா என்பது நோயாளிக்கே தெரியும். மூளைக்கான தேர்வில் அந்த நம்பிக்கை ஒன்றே மார்க்கைக் கூட்டிவிடும்.

பெரியது 2023இல் வந்தது. சுமார் 3,450 பேர், வெற்று மருந்தோடு ஒப்பீடு, எல்லாம் முறையாக. ஸ்ட்ரோக் வந்து 48 மணி நேரத்துக்குள் ஜிங்கோவிலிருந்து பிரித்த லாக்டோன்களை நரம்பு வழியாக ஊசியில் ஏற்றினார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களில் 50 சதவீதம் பேர் ஏறக்குறைய முழுசாகத் தேறியிருந்தார்கள், மற்றவர்களில் 44 சதவீதம். நூறு பேருக்கு ஆறு பேர் கூடுதல். ஸ்ட்ரோக் உலகத்தில் இது அலட்சியம் செய்கிற எண் இல்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் நடந்த சர்வதேச ஸ்ட்ரோக் மாநாட்டில் அதே மருந்தைப் பற்றி, 3,163 பேரின் ஞாபகசக்தித் தேர்வு முடிவுகளையும் சொன்னார்கள். 14 நாள் தினமும் ஊசி. 30 மார்க் தேர்வில் 90ஆம் நாள் ஊசி போட்டவர்கள் சராசரியாக 5.5 மார்க் ஏறியிருந்தார்கள், வெற்று மருந்து ஏற்றியவர்கள் 5. அரை மார்க் வித்தியாசம். பத்திரிகைகளில் இது 'ஜிங்கோ மூளையை மீட்கிறது' என்கிற தோரணையில் தலைப்பாக வந்தது. தலைப்பு போட்டவர் அரை மார்க்கைப் பார்க்கவில்லை போல.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மருந்து ஊசி. ஆஸ்பத்திரியில், முதல் இரண்டு நாளுக்குள், நரம்பில் ஏற்றுவது. இலையின் முழுச்சாறு இல்லை, அதிலிருந்து தனியாகப் பிரித்த சில மூலக்கூறுகள். சீனாவுக்கு வெளியே வேறு நாட்டு ஆட்களிடம் இதே பலன் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற ஊர் டாக்டர்கள் கையில் எடுப்பார்கள். ஒரு மாதம் கழித்து வீட்டில் வாய்வழியாக விழுங்கும் மாத்திரைக்கு இந்த 50, 44 கணக்கை மேற்கோள் காட்டுவது, பக்கத்து எஸ்டேட்டின் இலை எடையை நம் சீட்டில் எழுதிக்கொள்கிற மாதிரி.

அண்ணனுக்காக ஒரு வார்த்தை பேசுகிறேன். ஜெர்மனியில் ஜிங்கோ சாறு ஏதோ சந்தைச் சரக்கு இல்லை, மருந்தாகவே பதிவானது. ஏற்கெனவே லேசான மறதி நோய் வந்துவிட்டவர்களுக்கு தினம் 240 மி.கி. கொடுப்பதை ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்களில் ஓரளவு பலன் காட்டிய ஆய்வுகளும் உண்டு. நோய் வந்தவருக்குக் கொஞ்சம் உதவுவது ஒன்று, வராமல் தடுப்பது இன்னொன்று. அண்ணன் அங்கே மருந்துக்கடையில் முதல் விஷயத்தைக் கேட்டு, இரண்டாவது என்று எடுத்துக்கொண்டிருப்பார். அவரோடு சண்டை வேண்டாம். அம்மாவுக்கு எதையாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பில்தான் அனுப்பியிருக்கிறார்.

ஒன்று மட்டும். அங்கே மருந்துக்கடையில் வாங்கியதா, இணையத்தில் உணவுத் துணைப்பொருளாக வாங்கியதா என்று கேட்டுப் பாருங்கள். மலிவான செடிகளிலிருந்து எடுத்த ரூட்டின், க்வெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகளைக் கலந்து 24 சதவீதக் கணக்கைச் சரிக்கட்டிய சரக்குகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. 2015இல் சீன அரசே ஒரு பெரிய நடவடிக்கை எடுத்தது. எத்தனாலுக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் சாறு எடுத்துக் காசு மிச்சம் பிடித்த கம்பெனிகளின் சரக்கைத் திரும்பப் பெற வைத்தார்கள்.

அண்ணன் மாத்திரைக்குச் செலவு செய்த காசில் ஒரு நல்ல டிஜிட்டல் பிபி மெஷின் வந்திருக்கும். கை மேல்பகுதியில் சுற்றுகிற வகை, மணிக்கட்டில் மாட்டுவது வேண்டாம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸ்ட்ரோக் ஒருமுறை வந்தவர்களுக்குப் பிபி மாத்திரை கொடுத்துப் பார்த்த ப்ராக்ரஸ் ஆய்வு 2001இல் வந்தது. 6,105 பேர், நான்கு வருடம். மாத்திரை சாப்பிட்டவர்களில் 307 பேருக்கு மறுபடி ஸ்ட்ரோக், வெற்று மாத்திரைக்காரர்களில் 420 பேருக்கு. பிபியின் மேல் எண் சராசரியாக 9 புள்ளிதான் இறங்கியது, அதற்கே ஆபத்து 28 சதவீதம் குறைந்தது. ஜிங்கோவின் எந்த ஆய்விலும் இதன் பக்கத்தில் வரும் எண்ணை நீங்கள் பார்க்க முடியாது. பிபி மாத்திரைகள் ஊர் சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். இலவசமாக வருவதாலோ என்னவோ, நம் மக்களுக்கு அதன் மேல் மரியாதை இல்லை.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, குளிர். உடம்பு குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கும், பிபி ஏறும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் அம்மா விடியற்காலையில் எழுந்து பச்சைத்தண்ணீரில் வாசல் தெளிக்க வேண்டாம். வெயில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் வாரம் இரண்டு நாளாவது பிபி பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். ஊறுகாய், கருவாடு, பேக்கரி வர்க்கி எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. சுவைக்காகக் கொஞ்சம் என்றால் சரி, தினமும் வேண்டாம்.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எத்தனை நாள் சேர்ந்து ஓட வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். லேசான ஸ்ட்ரோக்குக்குப் பெரும்பாலும் மூன்று வாரம், சிலருக்கு மூன்று மாதம், அப்புறம் ஒன்றுதான் தொடரும். ஒரு மாதம் ஆகியும் இரண்டும் ஓடுகிறது என்றால் அது டாக்டரின் கணக்கா, சீட்டை யாரும் திரும்பப் பார்க்காததாலா என்று போன் போட்டுக் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு முறை முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி கோவை சேரவே சுமார் இரண்டு மணி நேரம், சீசன் கூட்டத்தில் இன்னும் கூடும், அடைமழையில் மண் சரிந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்கேன் எடுக்கும் வசதியும் அந்த ஊசியும் பக்கத்தில் எங்கே 24 மணி நேரமும் உண்டு என்று இப்போதே விசாரித்துக் குறித்து வையுங்கள். அம்மா கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைத்தான் டாக்டர் முதலில் கேட்பார். போகும் வழியில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது. தண்ணீரும் வேண்டாம், புரையேறும். புறா ரத்தம் தேய்க்கலாம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வல்லாரையைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். துவையலாக வாரம் ஓரிரு முறை சாப்பிடட்டும், நல்ல கீரை. ஸ்ட்ரோக்குக்கு மருந்து என்று நினைத்துச் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடிக்க வைக்க வேண்டாம்.

கன்று விஷயம். நம் மலைக்குளிரில் வளரக்கூடிய மரம்தான் ஜிங்கோ, இலை உதிரும் முன் மஞ்சளாவதைப் பார்க்கவே வைக்கலாம். ஆனால் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. விதையில் முளைத்த கன்று எது என்பது காய்க்கும் வரை தெரியாது, அதற்கு 20 வருடத்துக்கு மேலும் ஆகும். பெண் மரமாக அமைந்துவிட்டால், பழுத்து விழுந்த சதை கெட்டுப்போன வெண்ணெய் மாதிரி நாறும். உள்ளே இருக்கும் விதை உடம்பில் வைட்டமின் பி6 வேலையைக் கெடுத்துவிடும், நிறையத் தின்ற குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. இலையைப் பறித்து அம்மாவுக்குக் கஷாயம் வைக்கிற எண்ணம் இருந்தால் நடவே வேண்டாம். அழகுக்கு என்றால் ஆண் மரத்திலிருந்து ஒட்டுப்போட்ட கன்றாகக் கேட்டு வாங்கி, வீட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.